கடைசி இருக்கையின் சதுரத் திரை

ஜூலை 7, திங்கள்

காலையிலேயே வெயில். மேல்காற்று. குன்றத்தூர் அடிவாரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும்போதே காலரில் புழுதி. ஒரகடம் வரை ஜன்னல் திறக்க முடியாது, ஏசி பஸ். முன் சீட்டில் ஒருவர் பேப்பரை நாலாக மடித்து ஒரே ஒரு பத்தியைப் படித்துக்கொண்டே வந்தார். பொறாமையாக இருந்தது.

கேட்டில் போனை ஒப்படைத்து டோக்கன். மாலை வரை வெளியுலகம் இல்லை. நிருபராக இருந்த காலத்தில் போன் இல்லாமலேதான் அலைந்தேன். அப்போது இவ்வளவு தவித்ததில்லை. நினைத்தால் எழுந்துபோய் ஒரு டீ குடிக்கலாம். இங்கே டீக்கும் மணி அடிக்கிறார்கள்.

புது மானிட்டர் வந்துவிட்டது. இந்தத் தொழிற்சாலையில் தயாராவதே மானிட்டர்தான். அதில் ஆக அகலமான மாடலை ஆபீஸில் எல்லோருக்கும் வைத்துவிட்டார்கள். மேஜையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, லேசான வளைவுடன். உட்கார்ந்தால் எதிரே கதவு தெரியவில்லை.

படம் பார்க்க அருமை. எழுத்து? புதுத் தொழிலாளர்களுக்கான விதிமுறைப் பக்கத்தைத் திறந்தேன். தமிழில் எழுதியது நான், பக்கத்தை அமைத்தது மறைமலை நகரில் ஒரு சிறு நிறுவனம். வரி இடது கோடியில் தொடங்கி வலது கோடியில் முடிகிறது. நடுவில் கழுத்தைத் திருப்ப வேண்டும். வரி முடிந்து இடது பக்கம் திரும்பினால் எந்த வரியில் இருந்தேன் என்று தெரியவில்லை. ஒரே வரியை இரண்டு முறை படித்தேன். அடுத்த முறை ஒரு வரியைத் தாண்டிவிட்டேன். எழுதியவனுக்கே இந்தக் கதி.

பிரௌசரைச் சுருக்கி, மூன்றில் ஒரு பங்காக்கி, இடது பக்கம் நிறுத்தினேன். செய்தித்தாள் பத்தியைப் போல. கண் உடனே அடங்கியது. ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் கிருத்திகா மேடம் வந்துவிட்டார். HR மேலாளர். என் மகள் வயது இருக்கும்.

"சார், ஃபுல் ஸ்கிரீன்ல வைங்க ப்ளீஸ். கஸ்டமர்ஸ் நடக்கற டைம்."

"அகலமா இருந்தா வரி தொலைஞ்சுபோகுதும்மா."

"நம்ம மானிட்டரை நம்ம ஆளே பாதிதான் யூஸ் பண்றாங்கன்னு நினைச்சுப்பாங்க சார்."

ஆபீஸின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அப்பால் நடைபாதை, அதில் விருந்தினர்கள். சிறிது நேரத்தில் தலையில் தொப்பியோடு நாலு பேர் நின்று என்னைப் பார்த்தார்கள். முழு அகலத்தில் விரித்து வைத்துக்கொண்டு படிப்பதுபோல் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினேன். மீன் தொட்டி.

வாங்க வேண்டியது: வசந்தி மருந்துச் சீட்டு ஜெராக்ஸ். கறிவேப்பிலை. கண்ணுக்குச் சொட்டு மருந்து.

ஜூலை 8, செவ்வாய்

இரவு தூறல், காலையில் புழுக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விதிமுறைத் தேர்வு. பயிற்சி அறையில் வரிசையாக அகல மானிட்டர்கள். பக்கத்தைப் படிக்க வேண்டும், பிறகு கேள்வி. கேள்வி வந்துவிட்டால் பக்கத்துக்குத் திரும்ப முடியாது. திரையைச் சுருக்கவும் முடியாது, பூட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை தோற்றால் காண்ட்ராக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தமிழில் சந்தேகம் வந்தால் சொல்ல நான் அறையில் இருக்க வேண்டும்.

ஐந்து பேர் தோல்வி. ஐவரும் பெண்கள். எல்லோரும் தமிழ் நன்றாகப் படிப்பவர்கள்.

கிருத்திகா மேடம் விடைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "சார், இதைப் பாருங்க. கையில கெமிக்கல் பட்டா என்ன செய்யணும்? 'சிவப்புப் பெட்டியில் போட்டு மூட வேண்டும்.' கையையே பெட்டில போட்டுருவாங்க போல."

பக்கத்தில் எடுத்துப் பார்த்தேன். 'திரவம் கையில் பட்டால் உடனே' என்று ஒரு வரி வலது கோடியில் முடிகிறது. அடுத்த வரி 'ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும்' என்று தொடங்குகிறது. அதற்கும் அடுத்தது 'சிவப்புப் பெட்டியில் போட்டு மூட வேண்டும்', அது துடைத்த துணியைப் பற்றி. அந்தப் பெண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டார். நேற்று நான் இறங்கிய மாதிரியே.

மேடத்திடம் சொன்னேன். பக்கத்தின் எழுத்தை நடுவில் ஒரு பத்தி அளவுக்குக் குறுக்கிவிடலாம், இரண்டு பக்கமும் வெற்றிடம் இருக்கட்டும் என்று.

"வைஸ் பிரசிடெண்ட் ஒத்துக்க மாட்டார் சார். ரெண்டு பக்கமும் வெள்ளையா இருந்தா மானிட்டர் வேஸ்ட் மாதிரி தெரியும்னு அவர்தான் ஃபில் பண்ணச் சொன்னார்."

"செய்தித்தாள்ல ஏன் பத்தி பிரிக்கறாங்க தெரியுமா? கண் திரும்பி வந்து அடுத்த வரியைப் பிடிக்கறதுக்கு."

"இது பேப்பர் இல்லையே சார், வெப்."

கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கும் மேலே ஒருவர். என் ஒப்பந்தம் ஆகஸ்ட் வரை. புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுபவர் இவர்தான். என் பேப்பர் மாவட்ட அலுவலகத்தை மூடியபோது கையில் வேறு எதுவும் இல்லை. வசந்திக்கு மூட்டுவாதம், மாதம் ஒரு ஊசி, மனைவி என்று கம்பெனி மருத்துவ அட்டையில்தான் போகிறது.

ஜூலை 9, புதன்

கேன்டீன். சாம்பார் சாதம், உருளைக்கிழங்கு. உப்பு தூக்கல்.

தட்டோடு ஒரு பெண் எதிரே வந்து நின்றார். "உக்காரலாமா சார்?" சகாயமேரி. பிள்ளைப்பாக்கம் பக்கம். முப்பது வயது இருக்கலாம். சிவப்புப் பெட்டி விடை இவருடையதுதான்.

"சார், நீங்கதான் அத்த எழுதினீங்களாமே. நல்லாத்தான் கீது. ஆனா படிச்சிகினே வரேன், எங்க வுட்டேன்னு தெரியல. வெரல் வெச்சுப் பாத்தேன். ஸ்கிரீனைத் தொடாதம்மான்னு கத்திட்டாங்க."

"வீட்டுல படிப்பீங்களா?"

"பைபிள் படிப்பேன் சார். போன்ல வாட்ஸப். அதுல ஒண்ணும் தப்பு வர்ல."

பைபிளில் பக்கத்துக்கு இரண்டு பத்தி, குட்டை வரி. போன் ஒரு பத்தி. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

இதற்கு முன் போன் கம்பெனியில் இருந்தாராம். சுழற்சி ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் வாரம் பையனை மாமியாரிடம் விட்டுப் போக, அவன் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை. இங்கே பெண்களுக்குப் பகல் ஷிஃப்ட் மட்டும். அதற்காகவே வந்தாராம்.

"வெள்ளிக்கிழமை திரும்ப எழுதணும். இதுவும் பூட்சுன்னா அந்த நைட் ஷிஃப்ட்டுக்கே போவ வேண்டியதுதான்." சாதத்தைப் பிசைந்தார், சாப்பிடவில்லை. "ஏதாச்சும் சொல்லிக் குடுங்க சார்."

விடைகளைச் சொல்ல முடியாது. கேள்விகள் மாறும், எனக்கே தெரியாது. "கடைசி சீட்ல உக்காருங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்கு அப்போதே தெரியும். மதியமே கேட் பக்கம் போனேன்.

கேட் அறையில் செக்யூரிட்டி ஏழுமலை. கேமரா பார்க்கப் புது டி.வி. வந்த பிறகு பழைய மானிட்டரை மூலையில் போட்டு அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்திருக்கிறார். சதுரம். கிட்டத்தட்ட ஒரு செய்தித்தாளை நாலாக மடித்த அளவு.

"ஏழுமலை, இது எரியுமா?"

"எரியும் சார். இன்னா, வூட்டுக்கா?"

"ட்ரெய்னிங் ரூம்ல கடைசி மானிட்டர் சிமிட்டுது. வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு."

அது சிமிட்டுவது உண்மை. எப்போதாவது. மேடத்திடமும் சொல்லியிருக்கிறேன். சர்வீஸ் பையன் லீவில் இருப்பதும் உண்மை.

"சீட்டு கீட்டு இல்லாம உள்ள போவக்கூடாது சார்." யோசித்தார். "சரி, தூக்கினு வரேன். நாளைக்கு யார்னா கேட்டா, நீங்க கேட்டீங்கோ, நான் குட்த்தேன். வேற எனக்கு ஒண்ணும் தெரியாது."

ஜூலை 10, வியாழன்

வெயில். பஸ்ஸில் பின்சீட்டில் இரண்டு பேர் ஓவர்டைம் பற்றி. "அந்தாளு லீவு கேட்டா மூஞ்சிய தூக்கி வெச்சுக்கறாரு, OT கேட்டா பல்லக் காட்றாரு."

கிருத்திகா மேடம் தாமாகவே வந்தார். சுழல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னதை யோசிச்சேன் சார். நானும் வீட்டுக்குப் போய் ஒரு ஆர்ட்டிகிள் படிச்சுப் பாத்தேன். கழுத்து வலிக்குது." சிரித்தார். "நாளைக்கு அஞ்சு பேரும் திரும்ப ஃபெயில் ஆனா நானே மேல பேசறேன். அஞ்சுக்கு அஞ்சுன்னா அவர் கேட்பார். அஞ்சு பேர் வேலையை விட்டுப் போறது எனக்கும் நல்ல ரிப்போர்ட் இல்ல. ஆனா டேட்டா வேணும் சார். ஃபீலிங்னு சொன்னா எடுபடாது."

அஞ்சு பேரும். கடைசி சீட்டுக்கு வரும் சதுரத் திரை பற்றி வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன்.

மறைமலை நகர் நிறுவனத்துக்கு ஆபீஸ் போனில் பேசினேன். அங்கே அருண் என்று ஒருவர். "அகலத்துக்கு ஒரு வரம்பு போடணும், அவ்ளோதான் சார். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். அப்ரூவல் மெயில் மட்டும் வாங்கிக் குடுங்க."

அகலத்துக்கு ஒரு வரம்பு. இவ்வளவுதான் விஷயம்.

மாலை முழுக்க யோசனை. மேரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஐந்தும் தோற்கும், பக்கம் மாறும், இனி வருபவர்கள் தப்பிப்பார்கள். மேரி இரவு ஷிஃப்ட்டுக்குப் போவார். சொல்லாவிட்டால் ஒருவர் பாஸ், நால்வர் தோல்வி. ஐந்தில் நாலு போதுமே. எந்த எடிட்டரும் அதைச் செய்தி என்று ஒப்புக்கொள்வார்.

வசந்தி கேட்டாள், ஏன் சட்னியைத் தொடவில்லை என்று. பல் வலி என்றேன். "திங்கக்கிழமை கண்ணு, இன்னிக்குப் பல்லு. அடுத்த வாரம் எது?"

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். மழை இல்லை.

ஏழுமலை சொன்னபடி கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போயிருந்தார். தூசி துடைக்கக்கூட இல்லை. ஐவரும் வந்தார்கள். மேரி நேராகக் கடைசி இருக்கைக்கு. மற்ற நால்வரில் செல்வி என்ற பெண், மேரியோடு ஒரே வேனில் வருபவர், திரும்பிப் பார்த்து, "இன்னா மேரிக்கா, உனக்கு மட்டும் டப்பா டி.வி. குட்த்துட்டாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேரியும்.

சிரிப்பு நின்றதும் அறையில் ஏசி சத்தம் மட்டும். நான் பின்னால் நின்றேன். நால்வரின் தலைகள் இடமிருந்து வலம், வலமிருந்து இடம். செல்வி ஒரு வரியில் நின்று, உதடு அசைத்து, திரும்ப ஆரம்பத்துக்குப் போனார். மேரியின் தலை அசையவே இல்லை. கண் மட்டும் கீழே கீழே இறங்கியது. அதே பக்கம், அதே எழுத்து. சதுரத்துக்குள் வந்ததால் வரி குட்டையாகிவிட்டது, அவ்வளவுதான்.

மேரி பாஸ். நால்வரும் தோல்வி.

செல்வி கதவருகே நின்று அழுதுகொண்டே முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தார். "மூணு தடவை படிச்சேன் சார்" என்றார் என்னிடம். குறை சொல்லும் குரலில் இல்லை, கணக்கு ஒப்பிப்பது மாதிரி. காண்ட்ராக்டரின் வேன் வந்து நால்வரையும் ஏற்றிக்கொண்டு போனது. மேரி ஜன்னல் வழியாகச் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டு வேன் வேகமெடுக்கும் வரை கூடவே நடந்தார்.

ஜூலை 12, சனி

அரை நாள். ஏழுமலை நேற்று மாலையே சதுரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு, அகல மானிட்டரைத் திரும்ப மாட்டிவிட்டிருந்தார். கிருத்திகா மேடத்தின் அறைக்குப் போனேன், மனதில் வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு. ஐந்தில் நாலு.

அவர் முந்திக்கொண்டார். "சார், ரொம்பத் தேங்க்ஸ். நேத்தே மேல பேசிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"ஒருத்தர் பாஸ் பண்ணியிருக்காங்கல்ல, அப்ப பக்கம் ஓகேதானேன்னு கேட்டார். அதே பக்கம், அதே ஸ்கிரீன், அதே டைம். முதல் தடவை கையைப் பெட்டில போட்ட அதே பொண்ணு. முயற்சி பண்ணினா முடியுது. மத்தவங்க முயற்சி பண்ணலன்னுதானே அர்த்தம்? அப்டின்னார் சார். லாஜிக் சரிதானே?"

லாஜிக் சரி. அதே ஸ்கிரீன் என்பது மட்டும் தவறு.

"அந்தக் கடைசி சீட்டுல…" என்று ஆரம்பித்தேன்.

"ஆமா, சிமிட்டுதுன்னு சொன்னீங்கல்ல, சர்வீஸ் ஆள் வந்து சரி பண்ணிட்டார். வேற ஏதாவது சார்?"

சொன்னால்: மேரியின் தேர்வு செல்லாது, அகலத் திரையில் திரும்ப எழுத வேண்டும். சீட்டு இல்லாமல் சாமான் உள்ளே விட்டதற்கு ஏழுமலை வெளியே. கேட்டு வாங்கியவன் நான். ஆகஸ்ட். வசந்தியின் ஊசி. சொல்லாவிட்டால்: பக்கம் இப்படியே இருக்கும்.

"இல்லம்மா" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது குன்றத்தூர் மலை தெரியும் வரை எதுவும் யோசிக்கவில்லை. தெரிந்த பிறகும் யோசிக்கவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோழிக்குழம்பு. வசந்தி கை விரல்களை மடக்கிக் காட்டினாள். ஊசி வேலை செய்கிறது, போன மாதம் இப்படி மடங்கவில்லை. சந்தோஷப்பட்டேன். உண்மையாகவே.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்தாள்.

"அஞ்சு பேருக்கும் அஞ்சு பழைய மானிட்டர் வெச்சிருக்கலாமே."

"ஒண்ணுதான் இருந்தது."

"அப்ப ஒண்ணும் வெச்சிருக்கக் கூடாது." உரித்த வெங்காயத்தைத் தட்டில் போட்டுவிட்டு, "ஆனா அந்தப் பொண்ணு வந்து கேட்டப்புறம் நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்றாள். இது எனக்கு உதவவில்லை.

ஜூலை 14, திங்கள்

நல்ல மழை. ஒரகடம் சந்திப்பில் தண்ணீர், பஸ் தாமதம். யாரும் கவலைப்படவில்லை, கம்பெனி பஸ் தாமதமானால் கேட்டில் கேட்க மாட்டார்கள்.

மெயில். தொழிலாளர் வலைப்பக்கத்தில் 'நம் வெற்றிக் கதை' என்று புதுப் பகுதி. முதல் கதை சகாயமேரி. எழுத வேண்டியவர் நான். மாலைக்குள்.

மேரியை அசெம்ப்ளி லைனிலிருந்து வரவழைத்தார்கள். நீலக் கோட்டு, தலையில் வலைத் தொப்பி. போட்டோவுக்கு ஒரு அகல மானிட்டரின் பக்கத்தில் நிறுத்தினார்கள். போட்டோ எடுத்தவர் போன பிறகு மெதுவாகச் சொன்னார்: "சார், எழுதுங்க. அந்த டப்பாவ மட்டும் எழுதாதீங்க."

"எழுத மாட்டேன்."

"பையன் இன்னிக்கு ஸ்கூலுக்குப் போனான் சார். நானே சட்ட மாட்டி வுட்டேன்."

எழுதினேன். இரண்டு முறை தேர்வு எழுதினார், உண்மை. முதல் முறை தோற்றார், உண்மை. கவனமாகப் படித்தார், நான் பார்த்தேன், உண்மை. பிள்ளைப்பாக்கம் பக்கம், ஒரு மகன், உண்மை. வாழ்நாளெல்லாம் செய்ததுபோல் ஒவ்வொன்றையும் சரிபார்த்தேன். எந்த வாக்கியத்திலும் பொய் இல்லை. முழுவதையும் சேர்த்துப் படித்தபோது அது பொய்யாக இருந்தது. எந்த வாக்கியத்தைத் திருத்துவது என்று தெரியாமல் அனுப்பிவிட்டேன்.

ஜூலை 16, புதன்

வெயில் திரும்பிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு விதிமுறைத் தேர்வு. கடைசி இருக்கையில் அகல மானிட்டர், இப்போது சிமிட்டுவதில்லை. ஏழுமலையின் பழையதை மின்கழிவு வண்டி திங்களன்றே எடுத்துப் போய்விட்டதாம். "நல்லதாப் போச்சு சார்" என்றார். அவர் பக்கத்திலிருந்து அது சரிதான்.

தேர்வுக்கு முன் கிருத்திகா மேடம் மேரியின் கதையைத் திரையில் காட்டிப் பேசினார். "இவங்களால முடிஞ்சா உங்களாலயும் முடியும்." நான் பின்னால் நின்றேன்.

மூன்று பேர் தோல்வி. மறுதேர்வு வெள்ளிக்கிழமை.

அவர்களில் ஒருவர் வெளியே வரும்போது பக்கத்தில் இருந்தவரிடம்: "அந்த மேரின்றவங்க எப்டிதான் படிச்சாங்களோ. நம்ம மண்டையிலதான் ஏதோ கோளாறு."

ஜூலை 17, வியாழன்

காற்று இல்லை. கேன்டீனில் மின்விசிறி சுற்றியும் வியர்வை. தக்காளி சாதம்.

மேரி தட்டோடு வந்தார், இந்த முறை கேட்காமலே உட்கார்ந்தார். அந்தப் பெண் சொன்னது அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"என் மூஞ்சிய பெருசா போட்டு, என்னைப் பாத்துக் கத்துக்கோன்றாங்க சார். கேன்டீன்ல வர்றவங்க எல்லாம் எப்டிக்கா படிச்ச, எப்டிக்கா படிச்சன்றாங்க. இன்னா சொல்றது?"

தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் தள்ளினேன்.

"செல்வி போன் பண்ணுச்சு. நைட் ஷிஃப்ட்ல சேந்துட்டாளாம்." சாதத்தில் ஒரு வாய் எடுத்தார். மென்று முடித்த பிறகு: "நான் போய் மேடம்கிட்ட சொல்லிடட்டா? அந்தச் சின்ன ஸ்கிரீன்லதான் படிச்சேன், அதான் பாஸானேன்னு."

"திரும்ப எழுதச் சொல்வாங்க. பெரிய திரையில."

"தெரியும்."

"தோத்துட்டா?"

"அதான் உங்களக் கேக்கறேன்." நேராகப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க சார். நீங்க சரின்னா இப்பவே போறேன். உங்களுக்கும் ஏழுமலை அண்ணனுக்கும் பிரச்சன வரும், அது தெரியும். அதனாலதான் கேட்டுட்டுப் போலாம்னு."

மணி அடித்தது. சுற்றிலும் தட்டுகள் எடுக்கும் சத்தம். அவர் எழவில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொறுங்கம்மா" என்றேன்.

"சரி சார்." தட்டை எடுத்துக்கொண்டு போனார். எதற்காகப் பொறுக்க வேண்டும், எதுவரை என்று அவர் கேட்கவில்லை. மூன்று பேருக்கும் மறுதேர்வு நாளை காலை.